பொங்கல் தின்ற மாடும் மகளின் வீட்டுப்பாடமும்

தொழுவத்தான் | ஜனவரி 17, காலை 6.50

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தனித்தனியாகத்தான் கேட்க நினைத்தேன், ராத்திரியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

எங்கள் வீட்டில் ஒரு கலப்பின ஜெர்சி, மூன்றாம் ஈற்று. நேற்று மாட்டுப் பொங்கல். நாங்கள் ஒரு இலைதான் வைத்தோம். ஆனால் தெருவில் இப்போது மாடு வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான். ஆளாளுக்கு ஒரு இலை சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம் என்று கொண்டுவந்து ஊட்டினார்கள். சாயங்காலம் பானையில் மிஞ்சிய சோற்றையும் என் மாமியார் கழுநீரில் கரைத்து வைத்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் மாடு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நிற்கிறது. அசை போடவே இல்லை. இடது பக்கம் உப்பியிருக்கிறது, விரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி விழுகிறது. விடிகாலையில் சாணி கூழாகப் போனது, புளித்த நாற்றம். டாக்டர் எட்டரைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது மகளின் வீட்டுப்பாடம். 'நீ பார்த்த ஒரு பாலூட்டியில் செரிமானம் நடக்கும் விதத்தை எழுது' என்று இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று இயந்திர முறை, மற்றது வேதி முறை. அவள் எங்கள் மாட்டையே எடுத்துக்கொண்டாள். அசை போடுவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள். இயந்திர முறை என்றேன். அப்புறம் கேட்டாள் பாருங்கள்: "பொங்கல் குழைந்துதானே இருக்கு, மெல்லவே வேண்டாமே. வைக்கோலே செரிக்கிற வயித்துக்கு இது ஏன் செரிக்கலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

செக்கெண்ணெய் | காலை 7.05

இருநூறு மில்லி நல்லெண்ணெயில் இஞ்சி, பெருங்காயம் தட்டிப் போட்டுப் புகட்டுங்கள் அண்ணா. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதுதான். அரை மணியில் ஏப்பம் விட்டுவிடும்.

ஊசிமருந்து | காலை 7.12

தயவுசெய்து எதையும் வாயில் ஊற்றாதீர்கள். சோர்ந்து நிற்கும் மாட்டுக்குப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், அப்புறம் அது தனிக் கதை. எண்ணெய் வைத்தியம் நுரை கட்டும் உப்புசத்துக்கு. குதிரைமசாலைப் பச்சையாக நிறையத் தின்றால் வருமே, அதற்கு. நீங்கள் சொல்வது வேறு, வயிற்றில் அமிலம் ஏறிவிட்டது. சோறு, தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வைக்கோல் மட்டும் முன்னால் கிடக்கட்டும். எட்டரை வரை காத்திருக்காமல் டாக்டரை இப்போதே மறுபடி கூப்பிடுங்கள். எத்தனை இலை, எத்தனை மணிக்கு என்று கணக்காகச் சொல்லுங்கள்.

பொங்கல் மறுநாள் கால்நடை மருத்துவர்களான எங்களுக்கு இதே வேலைதான். இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

தொழுவத்தான் | காலை 7.15

கூப்பிட்டுவிட்டேன். கிளம்பிவிட்டார்.

ஊசிமருந்து | காலை 9.40

சரி, ஒரு ஊசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பாப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நல்ல கேள்வி. கல்லூரியில் எங்களுக்கே மூன்றாவது வருடத்தில்தான் இது உறைத்தது.

புல்லின் உடம்பு செல்லுலோஸ். அதை உடைக்கும் நொதியைச் சுரக்க எந்தப் பாலூட்டிக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. மாட்டின் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தெரியும். வளர்ந்த மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் ஒரு பீப்பாய். ஏறக்குறைய 39 டிகிரிச் சூடு, காற்றில்லாத இருட்டு. அதிலே ஒரு மில்லிலிட்டர் சாற்றில் ஆயிரம் கோடிக்கும் குறையாத பாக்டீரியா. அவை புல்லைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்று சில அமிலங்களை வெளியே விடும். அந்த அமிலங்களைத்தான் வயிற்றுச் சுவர் உறிஞ்சுகிறது. மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான். நாம் சோறு தின்று குளுக்கோஸில் வாழ்கிறோம், மாடு புல் தின்று காடியில் வாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அமிலம் நாள் முழுக்க ஊறினால் வயிறு வெந்துபோகாதா? அதற்குத்தான் உமிழ்நீர். கறவை மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும். மனிதன் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர். மாட்டு உமிழ்நீரில் பைகார்பனேட் நிறைய உண்டு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாத ஆப்ப சோடாவை மாடு தானே கரைத்து விழுங்குகிறது. அதனால்தான் முதல் வயிற்றின் அமிலநிலை (pH, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கிறது.

இந்த உமிழ்நீர் எப்போது கொட்டும்? மெல்லும்போது. மாட்டை மெல்லவைப்பது எது? நார்.

பாப்பா சொன்னது சரி, பொங்கலை மெல்லவே வேண்டாம். அதுதான் ஆபத்து. மெல்லாததால் உமிழ்நீர் இல்லை. மாவுச்சத்தும் வெல்லமும் சேர்ந்ததால் அதைத் தின்னும் பாக்டீரியாக் கூட்டம் சில மணி நேரத்தில் பல மடங்காகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அமிலநிலை 5-க்குக் கீழே போனால் செல்லுலோஸ் உடைக்கும் கூட்டம் செத்துவிடும், வயிறு சுருங்கி விரிவது நின்றுவிடும். உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் ரத்தத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும். மாடு உள்ளே குளமாகவும் வெளியே வறண்டும் கிடக்கும். கண் உள்வாங்குவது அதனால்தான்.

கண்மாய்க்கரை | காலை 10.02

அப்படியானால் கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுக்கிறார்களே, அந்த மாடுகள் ஏன் சாவதில்லை?

ஊசிமருந்து | காலை 10.10

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய வயிறு தாங்கும். உள்ளே இருக்கும் கூட்டம் அதற்கேற்ப மாறிக்கொள்ளும், அதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். தாங்கினாலும் குளம்பு வீங்குவது, பாலில் கொழுப்பு குறைவது என்று வேறு வழியில் காட்டும். ஒரே நாளில் பழக்கமில்லாத பத்து இலை என்றால் தாங்காது.

கறிக்கடைத் தம்பி | காலை 10.31

மாட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தினமும் ஆட்டுக்குடல் அலசுகிறவன். நாலு வயிறு இல்லை, ஒரே வயிறு நாலு அறையாக இருக்கிறது. கையில் எடுத்தாலே தெரியும்.

முதல் அறை பெரிய பை. உள்பக்கம் டர்க்கித் துண்டு மாதிரி பூப்பூவாக இருக்கும். நம் வீட்டில் வெந்நீரும் சுண்ணாம்பும் போட்டுச் சுரண்டுவது அதைத்தான். இரண்டாவது சின்னது, அப்படியே தேன்கூடு. மூன்றாவது புத்தகம் மாதிரி ஏடு ஏடாக, நடுவில் அரைத்த புல் சிக்கியிருக்கும், அலசி மாளாது. நாலாவதுதான் வழவழவென்று கொழகொழப்பாக இருக்கும். முதல் மூன்றும் புல் வாசனை, நாலாவது புளித்த வாசனை. இந்த நாலாவதுதான் நம் வயிறு மாதிரி என்று நானே யூகித்தேன். டாக்டர் சரியா?

ஊசிமருந்து | காலை 10.38

முற்றிலும் சரி தம்பி. நாலாவதில்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சினும் சுரக்கும். அந்தப் பூப்பூவாக இருப்பதுதான் அமிலத்தை உறிஞ்சும் இடம். தேன்கூட்டு அறையில் ஆணி, கம்பித்துண்டு எல்லாம் போய் உட்காரும். அதற்கு முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். மாடு மேயும்போது பொறுக்கி மெல்லாமல் நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும் இல்லையா, மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. அந்தப் பழக்கத்துக்கு அது கொடுக்கும் விலை.

கண்மாய்க்கரை | காலை 10.45

பிளாஸ்டிக்கும் அப்படித்தான். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்களே.

கறிக்கடைத் தம்பி | காலை 10.47

ஆட்டிலேயே வருகிறது அண்ணே. கேரிபேக் உருண்டை. முடிச்சு கூட அவிழாமல் அப்படியே இருக்கும்.

கரும்பலகை | பகல் 12.20

நான் அறிவியல் ஆசிரியை. (தொழுவத்தான் அவர்களின் மகளுக்கு அந்த வீட்டுப்பாடம் கொடுத்தது நானில்லை, இருந்தாலும் கொஞ்சம் குற்ற உணர்ச்சி.) இரண்டு கட்டம் போடுவது ஒரு வசதிக்காகத்தான். பல்லால் கடிப்பது, இரைப்பை பிசைவது, உணவுக்குழலின் அலைவியக்கம் எல்லாம் ஒரு பக்கம். உமிழ்நீரின் அமைலேஸ், இரைப்பையின் பெப்சின், கணையத்தின் டிரிப்சின், லிப்பேஸ் என்ற நொதிகள் எல்லாம் மறுபக்கம். பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள். எழுதிய பிறகு முதலில் அரைப்பு, அது முடிந்ததும் கரைப்பு என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. நிஜத்தில் ஒரு வாய் சோற்றை எடுத்து மென்றுகொண்டே இருந்தால் ஒரு நிமிடத்தில் இனிக்க ஆரம்பிக்கும். பல் இன்னும் வேலையை முடிக்கவில்லை, அதற்குள் மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது. இதை வகுப்பில் செய்யவைப்பேன். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு வாய் வெறும் சோறு.

என்னிடமும் ஒரு கேள்வி உண்டு. பித்தநீரை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் அறையில் சண்டை.

திண்ணை | பகல் 12.41

இதில் என்ன சண்டை. கல்லீரல் சுரக்கிற திரவம். வேதிதான்.

கரும்பலகை | பகல் 12.50

திரவம் என்றாலே வேதியா? பித்தநீரில் செரிக்கவைக்கும் நொதி எதுவும் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரத்தில் சோப்புப் போட்டால் எண்ணெய் சின்னச் சின்னத் துளியாகச் சிதறுகிறதே, அதே வேலைதான். கொழுப்பு கொழுப்பாகவே இருக்கிறது, துளி மட்டும் சிறுத்துவிட்டது. அதன் பிறகு லிப்பேஸ் வந்துதான் மூலக்கூறை உடைக்கிறது. ஆகவே பித்தநீர் செய்வது பல் செய்யும் வேலை. தசையே இல்லாத பல்.

திண்ணை | பகல் 1.05

'தசையே இல்லாத பல்'. தோற்றேன் டீச்சர்.

தோற்றதற்குப் பரிகாரமாக ஒரு பழைய கதை. வயிறு அரைக்கிறதா கரைக்கிறதா என்று ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது. 1752-ல் ரியோமூர் என்ற பிரெஞ்சுக்காரர் தன் வளர்ப்புப் பருந்துக்கு ஒரு வழி செய்தார். இறைச்சியை இரண்டு பக்கமும் திறந்த உலோகக் குழாய்க்குள் வைத்து விழுங்கவைத்தார். பருந்து செரிக்காததைக் கக்கும் இல்லையா, குழாயும் வெளியே வந்தது. உலோகத்துக்குள் இருந்ததை எதுவும் பிசைந்திருக்க முடியாது. ஆனாலும் இறைச்சி கரைந்திருந்தது. பறவைதானே என்பீர்கள். இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் துணிப்பையில் உணவைக் கட்டித் தானே விழுங்கிச் சோதித்தார்.

1822-ல் அமெரிக்காவில் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞன் வயிற்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் இரைப்பைக்கு நேராக ஒரு ஓட்டை ஆறாமலே நின்றுவிட்டது. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் போமான்ட் 1825-லிருந்து அந்த ஓட்டை வழியாகப் பட்டுநூலில் இறைச்சித்துண்டு, ரொட்டி, முட்டைக்கோஸ் எல்லாம் கட்டித் தொங்கவிட்டு, மணிக்கொரு தரம் வெளியே இழுத்துப் பார்த்தார். இரைப்பைச் சாற்றைக் குப்பியில் எடுத்து உடம்புச் சூட்டில் வைத்தபோது அதற்குள்ளும் இறைச்சி கரைந்தது. என்ன, வயிற்றுக்குள் கரைவதைவிட நேரம் கூடுதல். பிசைய ஆளில்லையே.

சென் மார்ட்டின் பாவம், ஊருக்குத் தப்பி ஓடினான். கடைசியில் மருத்துவருக்குப் பிறகும் 27 வருடம் உயிரோடு இருந்தான்.

செக்கெண்ணெய் | பகல் 1.30

மாடு எப்படி இருக்கிறது? அதை யாரும் கேட்கவில்லையே.

தொழுவத்தான் | பகல் 2.15

மன்னிக்கவும், இப்போதுதான் கை ஒழிந்தது. டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டு வெந்நீர் ஊற்றி ஊற்றி வெளியே எடுத்தார். வாளி வாளியாகப் பொங்கல். முந்திரி முழுசாக இருந்தது. நரம்பில் சோடா பைகார்பனேட்டும் உப்புநீரும் ஏற்றினார், பி1 ஊசி போட்டார். நின்றுகொண்டுதான் இருக்கிறது, படுக்கவில்லை, அது நல்லது என்கிறார். மாமியார் பூஜையறையை விட்டு வெளியே வரவில்லை. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக்கு ஆட்டுத்தொட்டியிலிருந்து (கறிக்கு அறுக்கும் இடம்) நல்ல மாட்டின் வயிற்றுச் சாறு நாலைந்து லிட்டர் கிடைக்குமா பாருங்கள் என்றார். சரியாகத்தான் கேட்டேனா என்று இரண்டு தரம் கேட்டேன்.

ஊசிமருந்து | பகல் 2.40

சரியாகத்தான் கேட்டீர்கள். உங்கள் மாட்டின் வயிற்றில் குடியிருந்த கூட்டம் செத்துப்போய்விட்டது. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் புதுக்கூட்டத்தைக் குடியேற்ற வேண்டும். அந்தக் காலத்தில் அசை போடும் நல்ல மாட்டின் வாயிலிருந்து கவளத்தைப் பிடுங்கி நோயாளி மாட்டுக்குக் கொடுப்பார்கள், அதுவும் இதே தத்துவம்தான். சூடு ஆறாமல், காற்றுப் படாமல் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும்.

கறிக்கடைத் தம்பி | பகல் 2.44

எந்த ஊர் என்று தனிமடல் போடுங்கள் அண்ணே. தொட்டியில் ஆள் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு பிளாஸ்க்கில் பிடித்துத் தரச் சொல்கிறேன்.

சோலைக்காடு | மாலை 5.10

நான் வனத்துறை ஆள். மாடு, மனிதன் என்றே போகிறதே, யானையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு அசை கிடையாது. ஒரே வயிறு. புளிக்கவைக்கும் வேலையெல்லாம் பின்னால் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடக்கிறது, குதிரைக்கும் அப்படியே. ஒரு தரம் மென்றதோடு சரி, திரும்பக் கொண்டுவந்து மெல்ல வழியில்லை. அதனால்தான் யானை தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. லத்தியை உடைத்தால் நார் நாராக, விதை முளைக்கத் தயாராக இருக்கும். சாணியில் அப்படிப் பார்க்க முடியுமா? ஈடுகட்ட நாளைக்கு 150 கிலோ தின்றுகொண்டே இருக்க வேண்டும். யானைக்கு வாழ்நாளில் ஆறு தடவை கடைவாய்ப்பல் மாறி வரும். ஆறாவது தேய்ந்துவிட்டால் அதோடு முடிந்தது. வேதி வேலைக்கு எல்லாம் இருந்தும் அரைக்க ஆளில்லாமல் பட்டினியில் போகும்.

அப்புறம் எங்கள் பக்கத்துக் கருமந்தி. இலை தின்னி. அதுவும் மாடு மாதிரி முன்வயிற்றில் புளிக்கவைக்கும் குரங்கு, அசை மட்டும் போடாது. சுற்றுலா வருகிறவர்கள் பிஸ்கட்டும் மிட்டாயும் நீட்டுகிறார்கள். உங்கள் பொங்கல் கதையை ஒரு பலகையில் எழுதி மாட்டலாமா என்று தோன்றுகிறது.

கண்மாய்க்கரை | மாலை 5.25

முயல்? வீட்டில் வளர்க்கிறோம். அதன் புழுக்கையை அதுவே தின்கிறது என்று பையன் அருவருக்கிறான்.

சோலைக்காடு | மாலை 5.40

இரண்டு வகை போடும், கவனித்திருக்கிறீர்களா? கெட்டி உருண்டை கழிவு. அதைத் தொடாது. மெத்தென்று திராட்சைக்கொத்து மாதிரி வருவது குருட்டுக்குடலில் புளித்த சரக்கு. அதைத் தரையில் விழவிடாமல் வாயாலேயே எடுத்து விழுங்கிவிடும். புளித்த இடத்தைத் தாண்டிய பிறகு உறிஞ்ச சிறுகுடல் இல்லையே, அதனால் இன்னொரு சுற்று. மாடு மேல்வழியாகத் திரும்ப எடுக்கிறது, முயல் கீழ்வழியாக. பையனிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், இன்னும் அருவருப்பான்.

செக்கெண்ணெய் | மாலை 6.20

டாக்டர், ஒரு சந்தேகம். கன்று பிறந்ததும் பால்தானே குடிக்கிறது. அதுவும் அந்தப் பீப்பாயில் போய்ப் புளித்துவிடாதா?

ஊசிமருந்து | இரவு 8.05

போகாது. கன்று ஊட்டும்போது உணவுக்குழல் முடியும் இடத்தில் ஒரு தசை மடிப்பு மூடி வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். பால் முதல் அறைகளைத் தொடாமல் நேரே கடைசி அறைக்குப் பாயும். அங்கே ஒரு நொதி பாலைத் தயிராக உறையவைக்கும். பாலாடைக்கட்டி செய்கிறவர்கள் பயன்படுத்துவது அதைத்தான்.

இதில் இன்னொரு விசித்திரம். பிறந்த முதல் நாள் கன்றின் வயிறு செரிக்காமல் இருக்க வேண்டும். சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதம் இருக்கிறது. அதைச் செரித்துவிட்டால் வெறும் சத்துதான் மிஞ்சும், பாதுகாப்பு போய்விடும். அதனால் டிரிப்சினை வேலை செய்யவிடாமல் தடுக்கும் பொருள் சீம்பாலிலேயே இருக்கிறது. கன்றின் குடலும் அந்தப் புரதத்தை முழுசாக ரத்தத்துக்குள் விடும். 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும், முதல் ஆறு மணியில் நன்றாகத் திறந்திருக்கும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருந்து சீம்பால் கொடுக்காமல் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் உள்ளே போக வேண்டும். மிஞ்சியதில் நீங்கள் சீம்பால் கட்டி செய்து சாப்பிடுங்கள், எனக்கும் ஒரு துண்டு.

தொழுவத்தான் | ஜனவரி 20, காலை 11.30

கறிக்கடைத் தம்பியின் பிளாஸ்க் 18-ம் தேதி காலை ஆறரைக்கே வந்துவிட்டது. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். டாக்டர் குழாய் வழியாக உள்ளே விட்டார். அன்று வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நேற்று இரண்டு கை தின்றது. இன்று காலை பத்து மணிக்குப் படுத்துக் கழுத்தில் ஒரு உருண்டை மேலே ஏறியதைப் பார்த்தேன். மகள் பள்ளிக்குப் போகாமல் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து எத்தனை தரம் மெல்கிறது என்று எண்ணினாள். முதல் கவளத்துக்கு 31, அடுத்ததற்கு 38, பிறகு 47.

வீட்டுப்பாடத்தில் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்து, அந்த இடத்தில் 'உமிழ்நீர்' என்று எழுதியிருக்கிறாள்.

கரும்பலகை | பகல் 12.10

பித்தநீரை எங்கே எழுதினாள்?

தொழுவத்தான் | பகல் 12.18

அதை எழுதவே இல்லை டீச்சர். "மாட்டுக்குப் பித்தநீர் சுரந்ததை நான் பார்க்கலையே" என்கிறாள்.